ஊரவர் கட்டும் அரசாங்கத்தின் மதகும்

இலங்கையின் வரண்ட வலயத்திலே ஊரென்பது குளத்தை அண்டி எழுந்த குடியிருப்பேயாகும். செட்டிகுளம், பாவற்குளம், வவுனிக்குளம் என வன்னிநாட்டு ஊர்ப்பெயர்கள் பல குளத்தின் பெயராகவே வழங்கிவருதல் இதற்குச் சான்று. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் தை வரை தரும் மழையே அவ்வூர்களுக்கு ஆண்டு முழுவதற்கும் உரிய செல்வம். அந்நீரைத் தேக்கி வைப்பது ஒரு மண்கட்டு. கட்டு நின்றால் வயல் விளையும், கிணறு ஊறும், மாடு தண்ணீர் குடிக்கும். மாரியிலே ஓரிரவில் அது உடைந்துவிட்டால் விதைத்த வயல் அழிவதோடு அமையாது. வரப்போகும் கோடையில் குடிப்பதற்கும் நீரின்றி ஊரே பெயர்ந்து செல்ல நேரும். ஆகவே, குளக்கட்டு வேளாண்மைக்கு உறுப்பாக இருந்ததோடு ஊரின் காவலரணாகவும் இருந்தது.

இக்காவலரணைப் பேணும் பொறுப்பு யாருடையது? ஊரவருடையதா, அரசாங்கத்தினுடையதா? இருவரும் பங்குகொள்வதாயின் எவர் எதனைச் செய்வது? கடந்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் வந்த அரசாங்கங்கள் யாவும் இவ்வினாவிற்கு விடைகாண முயன்றன. சிறப்பாக, பத்தொன்பதாம் நூற்றாண்டிற் காணப்பட்ட விடைகள் இன்றும் சிந்திக்கத்தக்கவை.

பழைய முறை மிகத் தெளிவானது. குளத்தின் கீழ் எவருக்கு எவ்வளவு வயலோ, அவ்வளவிற்கேற்பக் குளக்கட்டின் ஒரு பகுதியைத் திருத்தும் கடன் அவரைச் சார்ந்தது. சிங்கள ஊர்களிலும் இதற்குப் 'பங்கு' என்றே பெயர். வேலியடைத்தல், வாய்க்கால் வெட்டுதல், மண்போடுதல் யாவும் பங்கின்படியே நடைபெற்றன. இம்முறையிலுள்ள நுட்பம் யாதெனின், ஒருவன் தன் பகுதியைத் திருத்தாது விட்டால் வெள்ளம் அப்பகுதியைத்தான் தேடிவரும். ஆனால் அழிவதோ அனைவருடைய வயலும். ஒருவன் சோம்பலுக்கு ஊர் முழுவதும் தண்டனை அனுபவிக்கும் நிலை இது. ஆதலால், கடமை தவறியவனைக் கேள்வி கேட்கும் அதிகாரம் ஊரில் எவருக்கேனும் இருந்தே தீரவேண்டியதாயிற்று. கண்டி மன்னர் காலத்தில் அவ்வதிகாரம் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையோடும் கிராமச் சபைகளோடும் பின்னிக் கிடந்தது.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. கோல்புறூக்கின் சிபார்சின்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. மனிதனை அவன் விருப்பத்திற்கு மாறாக அரசுக்கு உழைக்கவைக்கும் முறை ஒழிந்தமை நன்றே. ஆயினும், அரசனுக்குச் செய்த ஊழியத்தையும் தம் குளத்திற்குச் செய்த ஊழியத்தையும் வேறு பிரித்து நோக்க அன்று எவரும் முற்படவில்லை. கட்டாயம் ஒழிந்தபோது கடமையும் சேர்ந்து தளர்ந்தது. பெருங்குளங்கள் பல அதற்குப் பன்னூற்றாண்டுகள் முன்னரே காடடைந்துவிட்டன என்பது உண்மையே; எஞ்சி நின்ற ஊர்க்குளங்களைப் பேணும் ஒழுங்கும் இப்போது குலைந்தது. மண்போட மறுத்தவனை வற்புறுத்த எவருக்கும் சட்டத்தில் இடமிருக்கவில்லை.

பதினாறு ஆண்டுகள் சென்றபின் அரசாங்கமே மக்களின் உழைப்பைத் திரும்பவும் நாடியது. ஆனால், நாடிய விதமோ வேறு. தேசாதிபதி தொறிங்டன் பிரபு காலத்தில், 1848ஆம் ஆண்டின் தெருக் கட்டளைச் சட்டம் 18 முதல் 55 வயது வரையுள்ள ஒவ்வோர் ஆடவனும் ஆண்டில் ஆறு நாள் தெரு வேலை செய்யவேண்டும், அன்றேல் மூன்று சிலிங் செலுத்தவேண்டும் என்று விதித்தது. எந்தத் தெரு, எவருக்குப் பயன்படும் தெரு என்பதில் ஊரவனுக்கு ஒரு சொல்லும் இல்லை. அவ்வாண்டில் மாத்தளையிலும் குருநாகலிலும் எழுந்த கலகத்திற்குக் காரணமான மனக்குறைகளுள் இச்சட்டமும் ஒன்று. தொறிங்டன் பிரபு 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். உழைக்க மறுக்கும் மக்கள் இவர்கள் என்று கொள்ளுதல் தவறு. தம் உழைப்பு எங்கே போகிறது என்று அறியவிரும்பிய மக்கள் இவர்கள்.

இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்தவர் 1855இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வார்ட். அக்காலத்தில் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி, ஊவாப் பகுதியின் நீர்ப்பாசன நிலையை ஆராய்ந்து, பழைய ஊர்வழக்கங்களுக்குச் சட்டவலிமை அளித்தாலன்றி நிலைமை திருந்தாது என எடுத்துக்காட்டினார். அதன் பயனாக 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்தது. வயற்சொந்தக்காரர் கூடிப் பெரும்பான்மையோரின் சம்மதத்துடன் தம் ஊரின் பழைய வழக்கங்களை விதிகளாக ஏற்றுக்கொள்ளலாம்; ஏற்றபின் அவ்விதிகள் எல்லோரையும் கட்டுப்படுத்தும். கட்டாயம் மீண்டும் வந்ததாயினும், அது இம்முறை மேலிருந்து இறங்காது, ஊர்க்கூட்டத்தின் இசைவோடு வந்தது. வார்ட் பொதுப் பணத்தைச் செலவிடவும் தயங்கவில்லை. மட்டக்களப்புப் பகுதியில் இறக்காமக்குளமும் அம்பாறைக்குளமும் அவர் காலத்தில் திருத்தப்பட்டன. அவற்றின் கீழ் நெல்வயல்கள் மீண்டும் பச்சை பூத்தன.

பின்னர் வந்த சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் காலத்தில், 1867ஆம் ஆண்டின் சட்டம் இம்முயற்சியை மேலும் ஒழுங்குபடுத்தியது. அரசாங்கம் முதலில் செலவு செய்யும். பயன்பெறுவோர் அதனை வட்டியின்றிப் பத்து ஆண்டுத் தவணைகளில் திருப்பிச் செலுத்துவர். வளமுள்ள கரையோர ஊர்களுக்கு இவ்வேற்பாடு ஏற்றதாக இருந்தது. ஆயின், நுவரகலாவியாவிலும் வன்னியிலும் காட்டின் நடுவே பத்துப் பதினைந்து குடிகளோடு கிடந்த ஊர் எவ்வாறு பணம் செலுத்தும்? அங்கே பணப்புழக்கமே அரிது. மழை பொய்த்த ஆண்டில் சேனைப்பயிரையும் காட்டுப் பொருளையும் நம்பி உயிர்வாழ்ந்த மக்கள் அவர்கள். காய்ச்சலும் பறங்கி நோயும் அவர்களை வாட்டின. கடன் கொடுத்து உதவலாம் என்ற கொள்கை இவ்விடத்தில் வழியடைத்து நின்றது.

இந்நிலையில் 1872இல் தேசாதிபதியாக வந்தவர் சேர் வில்லியம் கிறெகரி. இவரது முன்வரலாற்றை அறிந்தோர்க்கு இவர் செய்த காரியம் வியப்பளிக்கும். அயர்லாந்திலே உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும்பஞ்சம் தலைவிரித்தாடிய வேளையில், 1847இல், பாராளுமன்ற உறுப்பினராயிருந்த இவர் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருப்பவருக்குப் பொது நிவாரணம் கிடையாது என்பதே அது. பசியால் வாடிய சிறு குடியானவர் உணவு பெறுவதற்காகத் தம் துண்டு நிலத்தைக் கைவிட்டனர். நிலத்தை விட்டபின் பிழைக்க வழியின்றிச் சிதறினர். அத்திருத்தம் அவர் பெயராலேயே இன்றும் அயர்லாந்து வரலாற்றில் வழங்குகின்றது. நிபந்தனையோடு கூடிய உதவி எத்துணைக் கொடிதாகக்கூடும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

அதே மனிதர் இலங்கையில் வகுத்த திட்டத்திலும் ஒரு நிபந்தனை இருந்தது. ஆனால், அது நேர்மாறானது. ஊரவர் தம் குளக்கட்டைத் தம் உழைப்பாலே திருத்தி உயர்த்துவார்களாயின், அக்குளத்திற்கு வேண்டிய மதகை அரசாங்கம் விலையின்றி அளிக்கும் என்பதே அத்திட்டம். அயர்லாந்தில் உதவி பெற நிலத்தைக் கைவிட வேண்டியிருந்தது. இங்கே உதவி பெற நிலத்தைப் பற்றிக்கொண்டு உழைக்க வேண்டியிருந்தது. உதவி பெறுவோன் எதனை இழந்து அதனைப் பெறுகிறான், எதனைக் காத்துப் பெறுகிறான் என்பதே இரு நிபந்தனைகளுக்கும் இடையிலுள்ள வேற்றுமை.

மானியமாக மதகைத் தேர்ந்தெடுத்தமையும் பொருளற்றதன்று. மண்சுமத்தலும் கட்டுயர்த்தலும் ஊரவருக்குக் கைவந்த தொழில். ஆனால், சரியான மட்டம் பார்த்து, நீரின் அமுக்கத்தைத் தாங்குமாறு மதகு கட்டுதற்குக் கல்வேலையும் பொறியறிவும் பணமும் வேண்டும்; இவை சிற்றூரிடம் இல்லை. நல்ல மதகு இல்லாத ஊர்களில் வயலுக்கு நீர்விடக் கட்டையே வெட்டினர். பின் வெட்டியதை அடைத்தனர். ஆண்டுதோறும் வெட்டுண்ட கட்டு அவ்விடத்திலேயே பலமிழந்தது. மாரி வெள்ளத்தில் அதுவே முதலில் உடைந்தது. ஊரவரால் இயன்றதை ஊரவரிடமே விட்டு, இயலாத ஒன்றை மட்டும் அரசாங்கம் மேற்கொண்டது. மானியம் கொடுப்போர் எக்காலத்தும் மனங்கொள்ளத்தக்க பகுப்பு இது.

இத்திட்டத்தை நடைமுறைப்படுத்த நிருவாக மாற்றமும் தேவைப்பட்டது. நுவரகலாவியா 1833 முதல் வடமாகாணத்தோடு சேர்ந்து யாழ்ப்பாணக் கச்சேரியின் கீழிருந்தது. அத்தனை தொலைவிலிருந்து காட்டூர்க் குளங்களைக் கவனித்தல் எங்ஙனம்? ஆகவே 1873இல் அநுராதபுரத்தைத் தலைநகராகக் கொண்டு வடமத்திய மாகாணம் தனியே அமைக்கப்பட்டது. அதன் முதல் அரசாங்க அதிபராக டிக்சன் நியமனம் பெற்றார். ஊர்க்குளங்களைத் திருத்துவதே புதிய மாகாணத்தின் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று.

இதனைக் குறையற்ற அறச்செயலாகப் போற்றுதல் வரலாற்று நேர்மையாகாது. குளக்கட்டு வேலை முற்றும் மக்களின் விருப்பத்தைச் சார்ந்ததாக இருக்கவில்லை; பின்னால் சட்டத்தின் கை இருந்தது. நோயால் மெலிந்த உடலோடு மண்சுமந்தவர்க்கு அது எளிதாகவும் இருந்திராது. மேலும், ஒரு கையால் மதகை அளித்த அரசாங்கம் மறு கையால் நெல்வரியை வாங்கிக்கொண்டிருந்தது. வரி செலுத்தமுடியாமற் காணியிழந்தோரின் துயரம் பெருங்கண்டனத்தை எழுப்பிய பின்னரே, 1892இல் அவ்வரி நீக்கப்பட்டது. இத்துணைக் குறைகள் இருந்தும் ஒன்று மறுக்கவியலாதது: தன் பங்கைத் தானே சுமந்து கட்டிய குளத்தை ஊரவன் தன்னுடையதென்று கருதினான்.

குளத்திற்கு அப்பாலும் இக்கருத்துப் பரவியது. 1871ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கக் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டம் பழைய கிராமச் சபைகளுக்குப் புத்துயிர் அளித்தது. ஊர்ப்பாதை, பாலம், அம்பலம், கிணறு, சந்தை, மேய்ச்சல்நிலம், வேலி ஆகியவற்றிற்கு விதிசெய்யும் உரிமை ஊரவர் குழுக்களுக்குக் கிடைத்தது. சிறு வழக்குகளைத் தீர்க்கக் கிராம நீதிமன்றங்களும் தோன்றின. அங்கே நியாயதுரந்தரருக்கு இடமில்லை. மாடு பயிர்மேய்ந்த வழக்கும் எல்லைவேலித் தகராறும் நகரத்து நீதிமன்றம் ஏறி ஆண்டுக்கணக்கில் இழுபடாது ஊரிலேயே முடிந்தன. ஊரின் அமைதிக்கும் பாதுகாப்பிற்கும் இது எத்துணைத் துணைபுரிந்ததென விரித்துக்கூற வேண்டியதில்லை.

பின்னர் காலம் வேறு திசையிற் சென்றது. சேர் ஆதர் கோர்டன் காலத்தில் கலாவாவி பெருஞ்செலவில் திருத்தப்பட்டது. 1887இல் மத்திய, மாகாண நீர்ப்பாசனச் சபைகள் அமைந்தன. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தனியே நிறுவப்பட்டது. பெருங்குளங்களுக்குத் திணைக்களம் இன்றியமையாதது. ஆயினும், பொறியியலாளரும் ஒப்பந்தகாரரும் வந்தபின், குளம் உடைந்தால் 'அரசாங்கம் வந்து பார்க்கட்டும்' என்னும் எண்ணமும் சில இடங்களிற் கூடவே வந்தது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் கிராம முன்னேற்றச் சங்கங்கள் நாடெங்கும் தோன்றியபோது பழைய பகுப்பே மீண்டும் தலைகாட்டியது. அரசாங்கம் ஒரு தொகையை மானியமாக அளிக்கும். ஊரவர் சிரமதானமாக உழைப்பர். ஒழுங்கையும் கிணறும் வாசிகசாலையும் எழும். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் தொகுதி வேலைகளுக்குப் பணம் ஒதுக்கியது. எவ்வேலை முந்தவேண்டும் என்று தீர்மானிப்பதில் பாராளுமன்ற உறுப்பினரின் குரல் ஓங்கியது. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்டநிலை அளித்தது. எண்பது எக்டேயருக்கு மேற்படாத வயற்பரப்பிற்கு நீர் தரும் சிறுகுளங்கள் இன்று இவ்வமைப்புகளின் கவனிப்பில் உள்ளன.

பெயர்கள் மாறின, சட்டங்கள் மாறின, தொகைகள் பெருகின. வினா மட்டும் மாறவில்லை. மானியப் பணம் ஒன்று ஊருக்கு வரும்போது, அதனால் எது செய்யப்படவேண்டும் என்று ஊர்க்கூட்டம் தீர்மானிக்கின்றதா? ஊரவரால் இயலாத பகுதிக்கு அப்பணம் செல்கின்றதா, அன்றி அவர்கள் செய்யக்கூடியதையும் ஒப்பந்தகாரரிடம் ஒப்படைக்கின்றதா? வேலை முடிந்தபின் அதனைக் காக்கும் பங்கு எவரெவரைச் சார்ந்தது என்று முன்னரே வகுக்கப்பட்டதா? 1848இன் தெருச்சட்டத்திற்கும் கிறெகரியின் மதகிற்கும் இடையிலுள்ள தூரம் இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையிலேயே அடங்கியுள்ளது. மதகை அரசாங்கம் தரலாம். மழைக்கால இரவில், கட்டில் நீர் கசிகின்றதாவென விளக்கேந்திச் சென்று பார்ப்பவன் அவ்வூரான் ஒருவனாகவே இருக்கவேண்டும்.