நாட்கணக்கும் கழியொலியும்: மாத்தளைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறைவாகச் செய்தால் 'அரைப்பேர்'. மாத்தளையின் எல்கடுவ, ரத்தோட்டைப் பகுதிகளிலும் தொழிலாளியின் நாட்கள் இவ்வாறே செக்றோலில் ஏறின. இத்தனை நுணுக்கமாக நாளெண்ணிய அலுவலகம், கருவுற்ற பெண்ணின் நாட்களை எண்ணவில்லை.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிள்ளை பெற்றவளுக்கு முப்பது நாட்களுக்கு உணவும் உறைவிடமும் வழங்கத் தோட்டத்துரையைக் கடமைப்படுத்தியது. ஆனால் அக்கடமை தொடங்கியது பேற்றுக்குப் பின்னரே. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமோ பேற்றுக்கு முந்திய நாட்களையும் கணக்கிற் கொண்டது. அப்பொழுதே ஒரு சிக்கல் எழுந்தது: பேற்று நாளை முன்கூட்டி அறிவது எங்ஙனம்?

அவ்வறிவு மருத்துவிச்சியிடமே இருந்தது. முழுகாமலிருக்கும் மாதத்தைத் திருவிழாவையோ பண்டிகையையோ கொண்டு நினைவுகூரச் செய்து, வயிற்றின் உயரத்தைக் கையால் தடவி அவள் நாள் குறித்தாள். அதனை வெறும் நாட்டுவழக்கென ஒதுக்குதல் தகாது. பயிற்சி பெற்ற மருத்துவரும் அன்று இதனிலும் பெரிதாக எதனையும் செய்துவிட இயலவில்லை.

மாற்றம் ஸ்கொத்லாந்திலிருந்து வந்தது. இலங்கைத் தோட்டத்துரைமார் பலரை அனுப்பிய நாடும் அதுவே. 1955இல் கிளாஸ்கோப் பேராசிரியர் இயன் டொனால்ட், அறுவையில் அகற்றிய கட்டிகளை ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்கு எடுத்துச் சென்றார். உலோகத்தின் உள்வெடிப்பைக் காணும் கழியொலிக் கருவி அங்கிருந்தது. செவிக்கெட்டாத அவ்வொலியின் எதிரொலியால் உடலினுள்ளும் காணலாமென்பதை, மக்விகார், பொறியியலாளர் டொம் பிறவுண் ஆகியோருடன் 1958இல் அவர் வெளியிட்டார். 1973இல் அதே நகரின் ஹியூ றொபின்சன், முதல் மூன்று மாதங்களில் சிசுவின் தலைமுதல் பிட்டம்வரையான நீளத்தை அளந்து, சில நாள் வேறுபாட்டுக்குள் கருவின் வயதைக் கணிக்கலாமென நிறுவினார். காணிச் சீர்திருத்தத்தால் இலங்கைத் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது (1972, 1975).

கருவி தானாக நாள் சொல்வதில்லை. சிசு சுருண்டிருந்தால் நீளம் குறையும், கணக்கும் தவறும். அது நிமிரும்வரை காத்து, உரிய தளத்தில் படத்தை நிறுத்தி அளப்பவரின் கையிலேயே உண்மை தங்கியுள்ளது. பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் இதற்கெனத் தனித் தொழில்நுட்பவியலாளர் உளர். இலங்கையில் ஸ்கேன் பெரும்பாலும் மருத்துவரின் பணியாகவே அமைந்துவிட்டது. ஆகவே அது மருத்துவர் இருக்கும் இடத்திலேயே கிட்டும்; மருத்துவிச்சியைப் போல லயத்து வாசலுக்கு வருவதில்லை.

இங்குதான் பழைய செக்றோல் மீண்டும் குறுக்கிடுகின்றது. அரச மருத்துவமனையில் ஸ்கேன் இலவசம். மலையிலிருந்து மாத்தளை நகருக்கு இறங்கி ஏறும் நாளோ இலவசமன்று, அது ஒரு பேர். அதனை இழக்க விரும்பாதவள் வயிறு தெரியும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுவாள். கடைசி மூன்று மாதங்களில் எடுக்கும் அளவோ இரண்டு மூன்று வாரங்கள் முன்பின்னாகலாம். தொடக்கத்தில் சென்றால் ஒரு நாட்கூலி போகும். பிந்திச் சென்றால் நாட்கணக்கே போகும்.