படத்திற்குள் காத்த எழுத்து



இணையப் பக்கங்களில் நாம் காணும் சிரித்த முகங்கள் பலவற்றுக்கு இரண்டு நிலைகள் உண்டு. கண்ணுக்குத் தெரிவது படம். அதற்குள் இருப்பது எழுத்து. இந்த இரட்டை அமைப்பு உருவான வரலாற்றை இங்கே பகிர விழைகின்றேன்.

இமோஜி ஜப்பானியக் கைப்பேசிகளில் பிறந்தது. அம்மொழியில் 'எ' என்றால் படம்; 'மோஜி' என்றால் எழுத்து. 1999-இல் டோக்கோமோ நிறுவனத்தின் கைப்பேசிச் சேவைக்காக ஷிகேதகா குரிதா உருவாக்கிய 176 குறிகள், ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிகள் கொண்ட சிறு கட்டத்தில் அடங்கின. 2010-இல் வெளியான ஒருங்குறியின் 6.0 பதிப்பு, நூற்றுக்கணக்கான இமோஜிகளுக்குத் தனித்தனி எண்களை வழங்கியது. எண் மட்டும் இருந்தால் போதுமா? கணினியில் உரிய எழுத்துரு இல்லையேல் வெற்றுக் கட்டமே தெரியும். ஒருங்குறியின் தொடக்கக் காலத்தில் தமிழ் கட்டம் கட்டமாய்த் தெரிந்ததைக் கண்ட நமக்கு இது புதிதன்று.

இதற்குத் தீர்வாக, 2014 நவம்பரில் ட்விட்டர் நிறுவனம் 'ட்வெமோஜி' என்னும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை 872 படங்களுடன் அனைவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது. அந்நிரல், பக்கத்திலுள்ள இமோஜி எழுத்தைக் கண்டறிந்து, அதன் ஒருங்குறி எண்ணையே பெயராகக் கொண்ட படத்தை அவ்விடத்தில் வைக்கும். 2015 ஏப்ரலில் வெளிவந்த வோர்ட்பிரஸ் 4.2 இம்முறையை ஏற்றது; உலாவியால் இமோஜியைக் காட்ட இயலாதபோது மட்டும் படத்தை வரவழைத்தது.

இதில் நான் வியப்பது ஒன்றுண்டு. படம் வந்தாலும் மூல எழுத்து அழிவதில்லை. படத்தின் மாற்றுரையாகக் காக்கப்படுகின்றது. பட அட்டையின் பின்புறம் சொல்லை எழுதி வைப்போம் அல்லவா, அதுபோல! பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அம்மாற்றுரையைப் படிக்கும். 2023-இன் தொடக்கத்தில், அப்படங்களை வழங்கிய மேக்ஸ்சிடிஎன் சேவை மூடப்பட்டதால், அதனை நம்பிய பல தளங்களில் படங்கள் வராமற்போயின. அத்தகைய வேளையில் உலாவி காட்டுவதற்கு எஞ்சியிருப்பது அந்த எழுத்தே.

நாமோ பள்ளி அறிவிப்புகளையும் பயிற்சித் தாள்களையும் பெரும்பாலும் படமாக்கியே அனுப்புகின்றோம். படம் தொலைந்தால் உள்ளிருக்கும் தமிழும் தொலையும். எனவே, படத்துடன் அதன் வாசகத்தையும் எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்புவோம். ஒரு சிரித்த முகத்திற்குக் கிடைத்த பாதுகாப்பு, நம் அகரத்திற்கும் கிடைக்க வேண்டாமா?