பாவா ஆதம் மலை ஏறிய யாத்ரீகர்

அடையாற்றின் கரையில் அமைந்த அனகாபுத்தூர் நெசவுக்குப் பெயர் பெற்றது. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்துவிட்ட இவ்வூரின் தறிகளில் நெய்த கட்டம் போட்ட ‘மெட்ராஸ் கைக்குட்டை’த் துணி, ஒரு காலத்தில் கப்பலேறி நைஜீரியா வரை சென்றது. துணி கடல் கடந்த அளவுக்கு அதை நெய்தவர் கடக்கவில்லை. இன்றோ அண்டையிலுள்ள மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால், ஒன்றரை மணி நேரத்திற்குள் கொழும்பு. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழப் பாதியே உள்ள அத்தீவில் மலையும் அருவியும் யானைக் கூட்டமும் கண்டு நான்கே நாளில் திரும்பிவிடலாம். ஆனால், ஒரு நாட்டைப் பார்த்து வருவது வேறு. அந்நாட்டாரின் விருந்தினராக இருந்து வருவது வேறு. இவ்வேறுபாட்டை அறிய, 1344ஆம் ஆண்டில் அங்கே சென்ற ஒருவரின் வரலாறு நமக்கு உதவும்.

அவர் இப்னு பதூதா. மொராக்கோவின் தஞ்சா நகரில் 1304இல் பிறந்தவர்; 1325இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டவர். டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் காழியாகப் பணியாற்றினார். பின்னர் மாலத்தீவிலும் காழியாக இருந்தார். அங்கிருந்து அவர் புறப்பட்டது மஅபர் என்று அரபியர் அழைத்த நம் தமிழகக் கரைக்கே. காற்று வேறு திசையில் அடித்தது. கப்பல் ஸரந்தீப் என்னும் இலங்கையின் புத்தளத்தை அடைந்தது.

அக்கரையில் அவர் கண்ட முதற்காட்சி, மலை வெள்ளம் அடித்துவந்து குவித்த இலவங்கப்பட்டை மரங்கள். மஅபராரும் மலபாராரும் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்றனர் என்றும், கைம்மாறாக மன்னருக்குத் துணிமணிகளை அளித்தனர் என்றும் அவர் குறித்துள்ளார். ஆக, நம் கரையின் துணி அன்றே அத்தீவின் வாயிலைத் திறந்து வைத்திருந்தது.

அங்கே அரசு செலுத்தியவர் ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாணத்து மன்னர் மரபினர், முஸ்லிம் அல்லர். கடலில் அவருடைய கப்பல்களுக்கு அஞ்சிய மாலுமி கரைக்குச் செல்லத் தயங்கினான். இப்னு பதூதாவோ முன்வந்து மன்னரைச் சந்தித்தார். பார்சி மொழி அறிந்த மன்னர், பயணியின் அனுபவங்களை ஆவலுடன் கேட்டு மகிழ்ந்தார். முத்துக்களைக் காட்டினார், வேண்டியதைக் கேட்குமாறும் சொன்னார். யாத்ரீகர் கேட்டதோ பொன்னன்று, மணியன்று. ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு எனப் போற்றப்படும் இடத்தைக் காண்பதற்கு வழி ஒன்றே.

மன்னர் பல்லக்குத் தந்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தம் தோழர் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரையும் உடன் அனுப்பினார். திரும்பி வரும் வரை மாலுமியும் அவனுடைய கூட்டத்தாரும் தம் விருந்தினர் என்றும் உறுதி கூறினார்.

வழியெங்கும் யானைகளும் குரங்குகளும் நிறைந்த காடு. ஈரப் புல்லிலிருந்து தாவி ஒட்டிக்கொள்ளும் அட்டைகளுக்காக, வழிப்போக்கர் எலுமிச்சம்பழம் கொண்டு சென்றனர். சாற்றைப் பிழிந்தால் அட்டை விழுந்துவிடும். தம்மை நாடி வரும் முஸ்லிம் ஃபக்கீர்களை அந்நாட்டார் மதித்துத் தம் இல்லங்களில் தங்கவைத்து உணவளித்ததையும் அவர் நன்றியோடு பதிவு செய்துள்ளார்.

மலையுச்சிக்கு இரு வழிகள்: பாவாவின் வழி, மாமாவின் வழி, அதாவது தந்தை ஆதமின் வழியும் தாய் ஹவ்வாவின் வழியும். தாயின் வழி எளிது. தந்தையின் வழியோ செங்குத்தானது. அதன் பாறையில் படிகள் வெட்டி இரும்புச் சங்கிலிகள் பிணைத்திருந்தனர். பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கிருந்து கீழே நோக்குபவர், விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தில் தம்மையறியாமலே கலிமாவை மொழிவராம்!

2,243 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தை நம்மவர் பாவா ஆதம் மலை என்பர். பௌத்தர் புத்தரின் ஸ்ரீபாதம் என்றும், இந்துக்கள் சிவனொளிபாத மலை என்றும் வணங்குவர். ஒரே பாறைக் குழிவு. உரிமை கொண்டாடும் நெஞ்சங்களோ பல. ஆயினும், யோகியும் பிராமணரும் துணைவர, முஸ்லிம் யாத்ரீகர் ஒருவர் அங்கே ஏறி நலமாகத் திரும்பினார் என்பதே வரலாறு.

பின்னர் அவர் மஅபர் வந்து சேர்ந்தார். மதுரை சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு நெருங்கிய மணவுறவினர். எனினும், அந்த சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டு அவர் வாளாவிருக்கவில்லை. கடுமையாகக் கண்டித்துத் தம் பயண நூலில் பதியச் செய்தார். பிற சமயத்து மன்னரின் நற்பண்பையும் அவர் மறைக்கவில்லை. தம் சமயத்து உறவினரின் குற்றத்தையும் மறைக்கவில்லை. உண்மைப் பயணியின் இலக்கணம் இதுவன்றோ?

பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறுமாறு திருமறை நம்மைப் பன்முறை பணிக்கிறது. வெறும் காட்சிக்காகச் செல்பவன் படங்களோடு திரும்புகிறான். நன்றியும் நேர்மையும் கொண்டு செல்பவனோ, சென்ற நாட்டாரின் உள்ளத்தில் இடம்பெற்றுத் திரும்புகிறான். அனகாபுத்தூரின் வானில் தெற்கு நோக்கிப் பறக்கும் விமானத்தில் நம் பிள்ளைகள் ஏறும் நாளில், பயணச் சீட்டோடு இந்தச் செய்தியையும் அவர்களிடம் கொடுத்து அனுப்புவோமாக.