ஃபார்மலின் பாட்டிலின் அடியில் ஒரு சரித்திரம்

நம் கெமிஸ்ட்ரி லேப் அலமாரியில் பழைய ஃபார்மலின் பாட்டில் ஒன்று நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? அடியில் வெள்ளையாக வண்டல் படிந்திருக்கும். "கெட்டுப்போச்சுடா" என்று ஒதுக்கி வைப்போம். உண்மையில் அது கெட்டுப்போனதல்ல. ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாகிவிட்டன, அவ்வளவுதான்.

அந்த வெள்ளைப் பொடியை 1859-லேயே ரஷ்யாவின் பட்லெரோவ் தயாரித்துவிட்டார். ஆனால் இரண்டே அலகுகள் சேர்ந்த சின்னப் பொருள் என்றுதான் நினைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நீளமான மூலக்கூறு என்று ஒன்று இருக்கும் என்பதையே அன்று யாரும் யோசிக்கவில்லை.

1920-ல் ஜெர்மானியரான ஸ்டௌடிங்கர் அதைச் சொன்னபோதும் பெரியவர்கள் ஏற்கவில்லை. சின்ன மூலக்கூறுகளின் கூட்டம்தான் என்று அடித்துச் சொன்னார்கள். மனிதர் விடவில்லை. இதே ஃபார்மால்டிஹைடு பாலிமரை எடுத்து, சங்கிலியின் முனைகளை அசிடேட்டாக மாற்றி, வெவ்வேறு நீளமுள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். நீளம் கூடக்கூட குணமும் படிப்படியாக மாறியது. அப்புறம் என்ன வாதம்? ஆனாலும் நோபல் பரிசு வர 1953 ஆகிவிட்டது!

முனையை மூடினால் சங்கிலி சூட்டைத் தாங்குகிறது என்பதும் அவர் கண்டதுதான். மூடாத சங்கிலி, பை ஜிப் மாதிரி முனையிலிருந்து கழன்று மறுபடி வாயுவாகிவிடும். டூபாண்ட் நிறுவனம் மிக நீண்ட சங்கிலிகளைச் செய்து, முனைகளை அசிடிக் அன்ஹைட்ரைடால் மூடி, 1960-ல் டெல்ரின் என்று விற்றது. 1962-ல் செலனீஸ் வேறு வழி பிடித்தது: சங்கிலியின் நடுநடுவே எத்திலீன் ஆக்சைடு அலகைச் சொருகியது. கழன்று வரும் ஜிப் அங்கே சிக்கி நின்றுவிடும். எனக்கு இந்த யோசனைதான் பிடித்தது. இன்றும் மோல்டிங் மெஷினில் சூடு ஏறிப்போனால் கண் எரியும். அது அதே ஃபார்மால்டிஹைடுதான்.

மற்ற ஆல்டிஹைடுகள் இன்னும் மோசம். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் சங்கிலி உருவாகவே உருவாகாது. இந்த உச்சவரம்பை 1948-ல் டெயின்டனும் ஐவினும் விளக்கினார்கள். தாலால்டிஹைடுக்கு அது சுமார் மைனஸ் 40 டிகிரி. குளிரில் செய்து முனையை மூடினால்தான் அறை வெப்பத்தில் நிற்கும். ஒரு துளி அமிலம் பட்டால் போதும், மொத்தமும் கழன்றுவிடும். 1980-களில் ஐபிஎம்மில் இட்டோவும் வில்சனும் இந்தக் குறையையே வேலைக்கு வைத்தார்கள்: ஒளி பட்ட இடத்தில் அமிலம் பிறந்து, படலம் தானாக ஆவியாகும். சிப் உற்பத்திக்கு என்னவோ அவர்களுடைய வேறொரு படலம்தான் போனது.