கொழுந்து லொறியும் அரசாங்க ஆஸ்பத்திரியும்

மலையகத்தில் வலப்பனை, இராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியம் நெடுங்காலம் குடிமக்களின் உரிமையாக இருக்கவில்லை. துரைமாரின் பொறுப்பாகவே இருந்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் அப்பொறுப்பை வகுத்தது. ஆள் சுகமாயிருந்தால்தான் கொழுந்து நிறுவைக்கு வரும் என்பதே அதன் கணக்கு. 1948இல் தோட்ட மக்களின் குடியுரிமையும் பறிபோனது. நாட்டில் இலவச சுகாதாரம் வளர்ந்தபோதும் லயத்து மக்களுக்குத் தோட்ட மருந்தகமே கதியாக இருந்தது. பிரசவ வலி கண்டவளைக் கொழுந்து லொறியில் ஏற்றவும் துரையின் உத்தரவு வேண்டியிருந்தது.

தோட்டம் மருந்து கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். கொடுத்தது, பேர் பதிந்த ஆளுக்குக் கொடுத்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சுகாதாரத்தை மாகாண சபைகளுக்குப் பகிர்ந்தது. பின்னர் தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசு ஏற்றது. மிச்சத்தையும் ஏற்றால் செலவு கூடும் என்பது இன்னொரு வாதம். தேயிலை வருமானத்தில் நாடே வளர்ந்தபின், மலையகத்திடம் மட்டும் கணக்குப் பார்ப்பது நியாயமல்ல. எஞ்சியவற்றையும் அரசே ஏற்க வேண்டும்.