ஓய்வுநாளும் அரசு விடுமுறையும்



புத்தாண்டு நாட்காட்டி கைக்கு வந்தவுடன் நம்மில் பலர் முதலில் தேடுவது அரசு விடுமுறைப் பட்டியலையே. எந்தப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் வந்து வீணாகிறது என்று பிள்ளைகள் எண்ணிப் பார்க்கின்றனர். பொங்கல், பெரிய வெள்ளி, ரம்ஜான், மகாவீர் ஜெயந்தி, மே தினம், கிறிஸ்துமஸ் எனப் பலருடைய நாட்களும் அப்பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. அவை நமக்கு எவ்வாறு கிடைத்தன என்பதை இந்த வாரம் சற்றே சிந்திப்போம்.

சிதம்பரம் ஆருத்ரா தரிசனத்தை முன்னிட்டு நம் கடலூர் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுவதை அறிவீர்கள். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளிகளும் அலுவலகங்களும் இயங்கும். அந்த அறிவிப்பின் முடிவில், இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டம், 1881-இன் கீழ் வராது என்ற குறிப்பும் இருக்கும். அச்சட்டம் கடன் பத்திரங்களையும் காசோலைகளையும் பற்றியது. பணம் செலுத்த வேண்டிய நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய வேலைநாளிலேயே செலுத்த வேண்டும் என்பது அதன் விதி. அதற்காகவே பொது விடுமுறை எது என்று வரையறுக்க நேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமையும், அரசு அறிவிக்கும் பிற நாட்களும் பொது விடுமுறை என்றது சட்டம். உழைப்பவனின் களைப்பைக் குறித்து அது ஒன்றும் சொல்லவில்லை.

அதே 1881-ஆம் ஆண்டில்தான் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டமும் பிறந்தது. ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை ஒரு நாளில் ஒன்பது மணி நேரம் வரை வேலை வாங்கலாம். மாதத்துக்கு நான்கு நாள் விடுமுறை தர வேண்டும் என்றது அது. பெரியவர்களுக்கு அதுவும் இல்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஞாயிறு விடுமுறை கிறிஸ்தவர்களான ஆங்கிலேயர் நமக்குத் தந்த கொடை என்று சபைகளில் பெருமையாகப் பேசுகிறோம். அலுவலகங்களைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால் பம்பாய் ஆலைத் தொழிலாளிக்கு அந்த நாளைப் பெற்றுத் தரப் போராடியவர், ஜோதிராவ் புலேயின் தோழரான நாராயண் மேகாஜி லோகண்டே. 1884 முதல் அவர் கூட்டங்கள் கூட்டினார், விண்ணப்பங்கள் அனுப்பினார். 1890-இல் ஆலை முதலாளிகள் இணங்கினர். மறுஆண்டுச் சட்டம் வார விடுமுறையை நாடெங்கும் தொழிற்சாலைகளுக்கு உரியதாக்கியது. நம் ஆலயக் கதவு ஞாயிறு காலையில் திறக்கும்போது, தொழிலாளியும் வந்து உட்கார முடிகிறதென்றால் சபைக்கு வெளியே இருந்த அந்த மனிதரையும் நன்றியோடு நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மே தினமும் அப்படியே. எட்டு மணி நேர வேலைக்காக 1886-இல் சிகாகோவில் எழுந்த குரலை நினைவுகூர்ந்து, இந்தியாவில் முதன்முதலாக 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் கூட்டம் நடத்தினார் சிங்காரவேலர். பட்டியலில் பின்னர் சேர்ந்தது தைப்பூசம். வடலூரில் வள்ளலார் நிறுவிய சத்திய ஞான சபையின் ஜோதி தரிசனத்துக்கு மக்கள் திரளாகச் செல்வதை நாம் காலமெல்லாம் காண்கிறோம். அந்த நாள் அரசு விடுமுறையானது 2021-இல்தான். மக்கள் நெடுங்காலம் போற்றிய நாளை அரசு பின்னரே ஏற்றுக்கொள்கிறது.

இனி வேதத்துக்கு வருவோம். கி.பி. 321-இல் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக்கினான். நீதிபதிகளும் நகரத்தாரும் ஓய்ந்திருக்க வேண்டும். உழவர்களோ வேலை செய்யலாம் என்பது அவன் கட்டளை. கர்த்தரின் கட்டளையோ வேறுவிதமானது. உழவு காலத்திலும் அறுப்பு காலத்திலும்கூட ஓய்ந்திருக்கும்படி யாத்திராகமம் 34:21 கற்பிக்கிறது. உபாகமம் 5:14, 15 வசனங்கள் வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலில் உள்ள அந்நியன் அனைவரையும் அந்த ஓய்வில் சேர்க்கின்றன. நீயும் எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. மாட்டுக்கும் ஒரு நாளை ஒதுக்கி, குளிப்பாட்டி, பொங்கலிடும் நம் மண்ணின் மக்களுக்கு இது விளங்காததல்ல.

ஆகவே விடுமுறையை அளக்க வேண்டிய கோல், எனக்கு எத்தனை நாள் கிடைத்தது என்பதன்று; என்னால் எத்தனை பேர் ஓய்கிறார்கள் என்பதே. சுரங்கத்தில் எவரையும் வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றது 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம். ஆயினும் அனல்மின் நிலையம் கிறிஸ்துமஸ் இரவிலும் நிற்பதில்லை. நம் ஆலயத்தில் நட்சத்திர விளக்கு எரிகையில் நெய்வேலியில் எவரோ ஷிப்டில் இருக்கிறார். பண்டிகை நாளில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியுடன் மாற்று விடுமுறை தர வேண்டும் என்று தமிழ்நாட்டின் தொழில் நிறுவனங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

ஆனால் நம் குள்ளஞ்சாவடிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் சகோதரிக்கு உடைத்த அளவுக்கே கூலி. கை ஓய்ந்தால் அடுப்பும் ஓய்கிறது. பள்ளிக்கு விடுமுறை என்றால் அவள் பிள்ளைக்கு அன்று சத்துணவும் இல்லை. நாட்காட்டியில் சிவப்பாகத் தெரியும் நாள் அவள் வீட்டில் வெறும் வயிற்றின் நாள்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாவுக்கும், கடையில் நிற்கும் பையனுக்கும், தோப்பில் வேலை செய்பவருக்கும் வாரத்தில் ஒரு நாள் கூலியோடு ஓய்வு உண்டா? வருகிற பண்டிகைக்குள் அதை முடிவு செய்யுங்கள். கூலியைப் பிடித்துக்கொண்டு தரும் ஓய்வு ஓய்வாகாது. மனுஷனுக்காகவே ஓய்வுநாள் உண்டாயிற்று என்று நம் ஆண்டவர் போதித்தார் (மாற்கு 2:27). அந்த மனுஷன் நாம் மட்டுமல்ல.

நாம் இளைப்பாறும்போது நமக்காக உழைப்பவர்களும் இளைப்பாறும்படி தேவன் நம் இருதயத்தை விசாலமாக்குவாராக. ஆமென்.