சோழமண்டலத்தின் பெயர் தாங்கிய சீனத் திரை

1682ஆம் ஆண்டு. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கும்பினி அதிகாரியாக இருந்த எலிஹு யேல், வேல்ஸில் ரெக்ஸம் நகருக்கு அருகே வாழ்ந்த நண்பர் ஜோஷுவா எடிஸ்பரிக்கு ஒரு பரிசு அனுப்பினார். ஆள் உயரத்தை மிஞ்சிய சீன மடக்குத் திரை அது. யேல் சென்னையின் கவர்னராவதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது அதற்கும் வெகு காலம் கழித்து.

பரிசு பெற்ற எடிஸ்பரி, அடுத்த சில ஆண்டுகளில் எர்த்திக் என்ற மாளிகையைக் கட்டினார். அந்த மாளிகையே அவரைக் கடனாளியாக்கியது. கடன் கொடுத்தவர்களில் யேலும் ஒருவர். மாளிகை கைமாறியது; திரை அங்கேயே நின்றது. 20ஆம் நூற்றாண்டில் அடியில் தோண்டிய நிலக்கரிச் சுரங்கத்தால் கட்டடமே புதையத் தொடங்கி, 1973இல் பிரிட்டனின் தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்தனையையும் தாண்டி அந்தத் திரை இன்றும் எர்த்திக்கில் இருக்கிறது.

இந்த வகைத் திரைகளை உலகம் முழுதும் உள்ள அருங்காட்சியகங்களும் ஏல நிறுவனங்களும் 'கோரமண்டல் திரை' என்றே குறிப்பிடுகின்றன. கோரமண்டல் என்றால் நம் சோழமண்டலக் கரைதான். ஆனால் அந்தத் திரைகளில் ஒரு பலகைகூட இந்தக் கரையில் செய்யப்படவில்லை. மரம், பூச்சு, வேலைப்பாடு அத்தனையும் சீனத்தைச் சேர்ந்தவை. கப்பல் மாறிய இடம் மட்டுமே நம்முடையது.

சீனத்தில் இந்த வேலைக்குக் 'குவான்சாய்' என்று பெயர். 1625இல் யாங் மிங் முன்னுரை எழுதிய 'சியூஷி லு' என்ற கைவினை நூல் இதைத் தனி வகையாகவே குறிப்பிடுகிறது. முதலில் மென்மரப் பலகைகளைச் சேர்த்து, அவற்றின்மேல் களிமண் பொடியும் பன்றி இரத்தமும் போன்றவற்றைக் குழைத்துத் தடிமனாக அப்புவார்கள். அது இறுகியதும் அரக்குப் பூச்சு. நம் ஊரில் பூச்சியிலிருந்து கிடைக்கும் அரக்கு இல்லை இது. ஒருவகை மரத்தைக் கீறி எடுக்கும் பால். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். உலர்வதற்கும் வெயில் ஆகாது, ஈரக்காற்றில்தான் இறுகும். ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது என்று பொறுமையாக ஏற்றி, பளபளவென்று தேய்த்த பிறகே உளி இறங்கும். உருவங்களின் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு உட்பகுதியைச் செதுக்கி எடுத்து, அந்தப் பள்ளத்தில் வண்ணங்களும் பொன்னும் நிரப்புவார்கள். பெரும்பாலும் பன்னிரண்டு பலகைகள். விரித்து நிறுத்தினால் ஓர் அறையின் நீளத்தை அது விழுங்கிவிடும்.

இவ்வளவு பாடுபட்டது ஏற்றுமதிக்காக அல்ல என்பதே இதில் கவனிக்க வேண்டிய செய்தி. தொடக்ககாலத் திரைகள் பல, உயர் அதிகாரிகளுக்கும் குடும்பப் பெரியவர்களுக்கும் பிறந்தநாள் பரிசாகச் செய்யப்பட்டவை. முன்பக்கத்தில் அரண்மனைக் காட்சி. அல்லது தாங் காலத் தளபதி குவோ ஸியி தன் மகன்களும் மருமகன்களும் சூழப் பிறந்தநாள் கொண்டாடும் காட்சி. பின்பக்கத்தில் பரிசு பெறுபவரின் பெருமை, கொடுத்தவர்களின் பெயர்கள், ஆண்டு. நம் ஊரில் ஓய்வுபெறும் ஆசிரியருக்குச் சட்டமிட்டுக் கொடுக்கும் வாழ்த்து மடலைப் போல, ஒருவருக்காகவே எழுதப்பட்டது. வாஷிங்டன் ஃப்ரீயர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு திரையில் 1672க்குரிய தேதி இருக்கிறது. காலம் உறுதியாகத் தெரிந்த பழைய திரைகளுள் அதுவும் ஒன்று.

அப்படிப்பட்ட பொருள் சென்னை வந்த வழி என்ன? இந்தக் கரையில் நெய்த துணியைக் கொடுத்தால்தான் தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் மிளகும் வாசனைப் பொருள்களும் கிடைக்கும் என்ற நிலை அன்று. பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் டச்சுக்காரர்களும், சென்னையிலிருந்து ஆங்கிலேயரும் துணி மூட்டைகளோடு கிழக்கே போனார்கள். ஜாவாத் தீவின் பான்டம் துறைமுகத்தில் சீன மரக்கலங்கள் பீங்கானும் அரக்குப் பொருள்களும் கொண்டுவந்து இறக்கின. திரும்பும் கப்பல்களில் அவையும் ஏறின. அதனால் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இந்த வேலைப்பாட்டைப் 'பான்டம் வேலை' என்றார்கள். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் வணிகர்கள் 'கோரமண்டல்' என்று மாற்றினார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஐரோப்பாவில் இறங்கியதும் திரைகளுக்கு நேர்ந்ததைப் படிக்கும்போது மனம் பதைக்கிறது. ரம்பத்தை எடுத்துவிட்டார்கள். அலமாரிக் கதவு, கண்ணாடிச் சட்டம், பெட்டி, சுவர்ப் பலகை என்று தேவைக்கேற்ப அறுத்து ஒட்டினார்கள். பலகையைத் தடிமனிலேயே இரண்டாகப் பிளந்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியாகப் பயன்படுத்தியதும் உண்டு. நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் இளவரசி அல்பர்ட்டினா ஆக்னஸ், 1695க்கு முன்பே தன் அரண்மனை அறை ஒன்றின் சுவர்களை இப்படி அறுத்த திரைகளால் மூடினார். அந்த அறை இன்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழகான அறைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வலமிருந்து இடமாகத் தொடர்ந்து படிக்க வேண்டிய ஒரு கதை அங்கே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது.

அந்தக் காலத்திலேயே இதைக் கண்டித்தவர்கள் இருந்தார்கள். 1688இல் வெளிவந்த அரக்குப் பூச்சுக் கலை நூலில் ஜான் ஸ்டாக்கரும் ஜார்ஜ் பார்க்கரும், திரைகளை அறுத்து அலமாரி செய்வோரைச் சாடினார்கள். அவற்றில் மனிதர்களும் மரங்களும் தலைகீழாக நிற்கிறார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. சீன எழுத்தோ சீனக் கதையோ தெரியாத தச்சர் கையில் வேறென்ன நடக்கும்?

லண்டன் தச்சர்களுக்கோ வேறு கவலை. 1700ஐ ஒட்டி அவர்களுடைய சங்கம் அரசிடம் முறையிட்டது. நான்கே ஆண்டுகளில் கீழை நாடுகளிலிருந்து 6,582 தேநீர் மேசைகளும், 244 அலமாரிகளும், 52 திரைகளும் இறக்குமதியாகிவிட்டன என்று கணக்குக் காட்டியது. வணிகர்கள் ஆங்கில மாதிரிகளையே கிழக்குக்கு அனுப்பி, அதன்படி செய்து வரவழைக்கிறார்கள் என்றும் குமுறியது. அந்தப் பட்டியலில் திரைகள் எவ்வளவு குறைவு பாருங்கள். வாங்குபவர் சொல்லும் அளவுக்குச் செய்யும் ஏற்றுமதித் தொழில் வளர்ந்துவிட்டது. தேநீர் மேசைக்கு வாழ்த்துரை தேவையில்லை.

20ஆம் நூற்றாண்டில் இந்தத் திரைகளுக்குப் புதுப் புகழ் தேடித் தந்தவர் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேல். முப்பதுக்கும் மேற்பட்ட திரைகளை அவர் சேர்த்திருந்தார் என்பார்கள். காம்பான் தெரு 31ஆம் எண் வீட்டில் சிலவற்றைச் சுவரோடு சேர்த்தே பொருத்தியிருந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் ஒரு வாசனைத் திரவியத்துக்குக் 'கோரமண்டல்' என்று பெயர் வைத்தது.

இன்று விவரம் தெரிந்த சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது திரையின் முதுகை. எழுத்துகள் இருக்கின்றனவா, ஆண்டு இருக்கிறதா, பன்னிரண்டு பலகைகளும் ஒரே தொடராக வருகின்றனவா, இடையில் வேறு திரையின் பலகையைச் செருகியிருக்கிறார்களா? பிறகு, பலகைகள் கூடும் இடங்களில் பூச்சில் வெடிப்பு உண்டா? குளிர்நாட்டு வீடுகளின் வெப்பமூட்டிகள் காற்றை உலர்த்திவிடுவதால் மரம் சுருங்கும். மேலே உள்ள பூச்சு அதோடு சேர்ந்து சுருங்காமல் பெயர்ந்துவிடும். வண்ணம் திருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய வண்ணத்தின்மேல் யாரோ புதுச்சாயம் தீட்டியிருந்தால் மதிப்புக் குறையும். முழுத் தொடரும் வாழ்த்துரையும் ஆண்டும் கொண்ட திரை அபூர்வம். அது கிடைத்தால் எந்த அருங்காட்சியகமும் விட மனம் வராமல் நிற்கும்.

ஏலப் பட்டியல் படிப்போருக்கு ஓர் எச்சரிக்கை. 'கோரமண்டல் பெட்டி' என்று வருவதெல்லாம் இந்தச் சீன வேலை அல்ல. கருங்காலி இனத்தைச் சேர்ந்த, கருமையும் பழுப்பும் வரிவரியாக ஓடும் மரம் ஒன்று இலங்கைக் காடுகளில் வளர்கிறது. அதை மெல்லிய தகடாகச் சீவி ஒட்டிய 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நகைப்பெட்டிகளையும் எழுதுபெட்டிகளையும் அதே பெயரால்தான் விற்கிறார்கள். மேலே செதுக்கலும் வண்ணமும் இருந்தால் சீனம். மரத்தின் வரியே அழகாக இருந்தால் இலங்கை மரம்.

வாங்குபவரின் மாதிரியைப் பார்த்து மேசையும் பீங்கானும் செய்து கொடுத்த கான்டன் நகரத்துப் பட்டறைகளையும், 1757இல் சீனப் பேரரசர் சியென்லுங் பிறப்பித்த ஆணையால் ஐரோப்பிய வணிகம் முழுவதும் அந்த ஒரே துறைமுகத்தில் குவிந்ததையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)